பழைய ரோடு சைக்கிளுக்குக் கட்டுப்படியாகும் டயர்: எதைப் பார்த்து வாங்குவது?

பழைய ரோடு சைக்கிள் ஒன்று கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டீல் ஃபிரேம், கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார், ஃபிரேம் குழாயிலேயே பொருத்திய கியர் லிவர். அழுக்கைத் துடைத்து, கிரீஸ் மாற்றி, எண்ணெய் விட்டால் முக்கால்வாசிப் பாகங்கள் மறுபடி ஓட ஆரம்பித்துவிடும். டயர் மட்டும் அப்படித் திரும்பி வராது. ரப்பர், ஓட்டினாலும் வயதாகும், ஓட்டாமல் தொங்கவிட்டிருந்தாலும் வயதாகும். ஆகவே முதல் செலவு பெரும்பாலும் அதற்குத்தான்.

அந்தச் செலவு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் "ரோடு சைக்கிள் டயர் ஒரு ஜோடி கொடுங்கள்" என்று கேட்டு வாங்கிவர முடியாது. இன்றைய ரோடு சைக்கிள்கள் பெரும்பாலும் ஒரே விட்டத்தில் வருகின்றன. அந்தக் காலத்தில் நாட்டுக்கு ஓர் அளவு, சில சமயம் கம்பெனிக்கு ஓர் அளவு. நான் பார்த்தவரை, பழைய சைக்கிள்காரர்களின் பணம் உயர்ந்த விலை டயரில் கரைவதைவிட, பொருந்தாத டயரை வாங்கிவிட்டு அல்லாடுவதில்தான் அதிகம் கரைகிறது. அதனால்தான் இங்கே பாதிக்கு மேல் அளவெடுப்பு வருகிறது. அதை முடித்துவிட்டால் எந்த டயர் என்பது தானாகவே நாலைந்து பெயர்களுக்குள் சுருங்கிவிடும்.

மூன்று இலக்க எண்ணைத் தேடுங்கள்

இப்போது சக்கரத்தில் இருக்கும் டயரின் பக்கவாட்டைத் துடைத்துவிட்டு, வெளிச்சத்தில் சாய்த்துப் படியுங்கள். "27 × 1 1/4", "700 × 25சி" என்பது போல ஏதாவது பெரிதாக இருக்கும். அதை விடுங்கள். அதன் பக்கத்தில் சின்ன எழுத்தில் "32-630" அல்லது "25-622" என்று இருக்கிறதா பாருங்கள். இதை இடிஆர்டிஓ அளவு, ஐஎஸ்ஓ அளவு என்று சொல்வார்கள். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் டயரின் ஓரக்கம்பி ரிம்மில் போய் உட்காரும் இடத்தின் விட்டம். இரண்டுமே மில்லிமீட்டரில்.

அந்த இரண்டாவது எண்ணில் சமரசமே கிடையாது. 622 ரிம்முக்கு 622 டயர், 630 ரிம்முக்கு 630 டயர். எட்டு மில்லிமீட்டர்தானே என்று நினைக்கக் கூடாது. 630 ரிம்மில் 622 டயர் ஏறவே ஏறாது. 622 ரிம்மில் 630 டயர் சுலபமாக ஏறிவிடும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது, காற்றடிக்கும்போது பிதுங்கி வெளியே வந்துவிடும்.

ரோடு சைக்கிள்களில் நீங்கள் சந்திக்கப்போவது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று. 27 அங்குலம் என்பது 630. 1970களின் தொடக்கத்தில் பத்து கியர் சைக்கிள்கள் அமோகமாக விற்ற காலத்தில் அமெரிக்கச் சந்தைக்கும் பிரிட்டிஷ் சந்தைக்கும் போன சைக்கிள்களில் இதுதான் இருந்தது. ஷ்வின் வார்சிட்டி ஓர் உதாரணம். 1980களில் கொஞ்சம் கொஞ்சமாக 700சி, அதாவது 622, அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆகவே 1985ஐ ஒட்டி வந்த சைக்கிளாக இருந்தால் இரண்டில் எதுவும் இருக்கலாம். ஃபிரேமைப் பார்த்து ஊகிக்காதீர்கள்.

இந்த 700 என்பது எங்கிருந்து வந்தது என்று சிலருக்குச் சந்தேகம் வரும். பிரெஞ்சு முறையில் அது டயரின் வெளிவிட்டத்தைத் தோராயமாகச் சொல்வது. ஏ, பி, சி என்பவை அகலத்தைக் குறித்தன. அதிலும் சி என்பது அகலமான டயர், சுமார் 39 மி.மீ. டயர் பருமனாக ஆக, வெளிவிட்டம் மாறாமல் இருக்க ரிம் சிறிதாக வேண்டும், இல்லையா? 622 வந்தது அப்படித்தான். இப்போது அதே ரிம்மில் 25 மி.மீ. டயரைப் போட்டுவிட்டு அதையும் 700 என்றே அழைக்கிறோம். டயரின் மேல் உள்ள பெரிய எழுத்தை நம்ப வேண்டாம் என்பது இதனால்தான்.

பின்னங்களில் இன்னொரு வம்பு உண்டு. 26 × 1 3/8 என்றால் பெரும்பாலும் 590. 26 × 1 1/4 என்றால் பல சைக்கிள்களில் 597. 26 × 1.75 என்று தசமத்தில் எழுதியிருந்தால் 559. மூன்றுமே "இருபத்தாறு", மூன்றும் ஒன்றுக்கொன்று சேராது. அதேபோல 28 × 1 1/2 என்பது 635. ஆனால் 28 × 1 5/8 × 1 3/8 என்று நீளமாக எழுதியிருப்பது நம்முடைய பழைய 622தான்.

டயரில் எழுத்தெல்லாம் அழிந்துபோய்விட்டதா? டயரைக் கழற்றிவிட்டு, ரிம்மின் வெளி விளிம்பைச் சுற்றி ஒரு தையல் டேப்பையோ நூலையோ இறுக்கிப் பிடித்து அளந்து பாருங்கள். 622 என்றால் சுமார் 199 செ.மீ. வரும், 630 என்றால் சுமார் 201.5 செ.மீ. விளிம்பின் உயரம் ரிம்முக்கு ரிம் கொஞ்சம் மாறும் என்பதால் சில மில்லிமீட்டர் கூடக் குறைய இருக்கலாம். இரண்டுக்கும் இடையே இரண்டரை சென்டிமீட்டர் வித்தியாசம் இருப்பதால் குழப்பம் வராது.

ஒருவேளை டயருக்கு ஓரமே இல்லாமல், டியூபையும் உள்ளே வைத்துச் சுற்றிலும் தைத்து, ரிம்மின் மேல் பசை போட்டு ஒட்டியிருந்தால் அது டியூபுலர். பந்தய சைக்கிள்களில் அப்போது அதுதான் வழக்கம். அந்த ரிம்மில் சாதாரண டயரை மாட்டவே முடியாது. டியூபுலரின் ஓட்டம் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் பஞ்சர் ஆனால் தையலைப் பிரித்து, ஒட்டுப்போட்டு, மறுபடி தைத்து, பசை தடவ வேண்டும். செலவை யோசிக்கிற புதியவருக்கு இது சரிவராது. சாதாரண 622 ரிம் உள்ள பழைய சக்கரம் ஒரு ஜோடி தேடுங்கள். டியூபுலர் ரிம்மின் அளவும் ஏறக்குறைய அதேதான், எனவே பிரேக் கட்டைகள் அநேகமாக எட்டும்.

27 அங்குலத்தை 700சி ஆக மாற்றலாமா?

630 என்று தெரிந்த அடுத்த நிமிடமே எல்லோரும் கேட்கும் கேள்வி இது. 622இல் டயர் வகைகள் குவிந்து கிடக்கின்றன, 630இல் விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பது உண்மை. மாற்றவும் முடியும்: ரிம் ஆரம் 4 மி.மீ. குறையும், அதனால் பிரேக் கட்டைகளை 4 மி.மீ. கீழே இறக்க வேண்டும். கட்டை நிற்கும் காடியில் கீழ்ப்பக்கம் அவ்வளவு இடம் மிச்சம் இருந்தால் போதும்.

ஆனால் டயருக்காக மட்டும் இதைச் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. சக்கரங்களின் விலை டயர்களின் விலையை எங்கோ தாண்டிவிடும். பின்சக்கரத்தில் இன்னொரு சிக்கலும் காத்திருக்கிறது. ஐந்து பல்சக்கர காலத்து ஃபிரேம்களில் பின்சக்கர அச்சு உட்காரும் இடைவெளி 120 மி.மீ., ஆறு ஏழு வந்த பிறகு 126, இன்றைய பிரேக் கட்டை வகை ரோடு சக்கரங்களுக்கு 130. புது சக்கரம் நேராக உள்ளே போகாது. இப்போதுள்ள 27 அங்குலச் சக்கரம் கோணல் இல்லாமல் ஓடுகிறது என்றால், அதற்கே நல்ல 630 டயர் வாங்கிப் போடுங்கள். ரிம் தேய்ந்துபோய் எப்படியும் சக்கரம் மாற்ற வேண்டும் என்ற நிலை வந்தால், அப்போது 622க்குப் போவது புத்திசாலித்தனம்.

ரிம்மை விரலால் தடவிப் பாருங்கள்

டயர் கழன்றிருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது. ரிம் சுவரின் உட்புறத்தில், மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே விரல் நகத்தை வைத்து மேல்நோக்கி இழுங்கள். நகம் ஏதோ ஓர் உதட்டில் மாட்டி நின்றால் அது கொக்கி வைத்த ரிம். எங்கும் மாட்டாமல் வழுவழுவென்று விளிம்புவரை வந்துவிட்டால் அது நேர்ச்சுவர் ரிம். 1970களின் பிற்பகுதிவரை வந்த 27 அங்குல ரிம்களில், குறிப்பாக ஸ்டீல் ரிம்களில், இந்த நேர்ச்சுவர் சகஜம்.

ஏன் இது முக்கியம்? கொக்கி, டயரின் ஓரத்தை வெளியே நழுவவிடாமல் பிடித்துக்கொள்ளும். நேர்ச்சுவரில் அந்தப் பிடி கிடையாது. அங்கே டயரை நிறுத்தி வைத்திருப்பது ஓரத்தில் ஓடும் ஸ்டீல் கம்பியின் இறுக்கம் மட்டும்தான். அதனால் நேர்ச்சுவர் ரிம் என்றால் இரண்டு கட்டுப்பாடுகள். மடக்கி விற்கும் டயர் வேண்டாம், கம்பி ஓர டயர் மட்டும் வாங்குங்கள். காற்றையும் 70 பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றாதீர்கள். டயரில் 100 வரை அடிக்கலாம் என்று எழுதியிருந்தாலும் சரி. அந்த எண் டயர் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்கிறது, உங்கள் ரிம்மைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. கம்பி ஓர டயர்தான் விலையும் குறைவு என்பதால் இந்தக் கட்டுப்பாடு பர்ஸுக்கு நல்லதே செய்கிறது.

இன்றைய டியூப்லெஸ் முறையைப் பழைய ரிம்மில் முயன்று பார்க்கும் ஆசை சிலருக்கு வரும். கொக்கி இருந்தாலும் வேண்டாம். டயர் ஓரம் இறுக உட்காருவதற்கான படி இந்த ரிம்களில் இல்லை.

அலுமினிய ரிம் என்றால் பிரேக் கட்டை உரசும் பக்கத்தில் ஒரு ஸ்கேலை நிறுத்திப் பாருங்கள். நடுவில் குழி விழுந்து வெளிச்சம் தெரிந்தால் சுவர் மெலிந்துவிட்டது. அந்த ரிம்முக்குப் புது டயர் போடுவது வீண். காற்றழுத்தத்தில் ஒருநாள் சுவரே பிளக்கும்.

கடைசியாக, ரிம் சுவர்களுக்கு இடையே உள்ள உள் அகலத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பழைய ரோடு ரிம்களில் 13இலிருந்து 17 மி.மீ. வரை வரும். 13 என்றால் 25 மி.மீ. டயர் வரை நிம்மதியாகப் போகலாம், 28 போட்டு ஓட்டுபவர்களும் உண்டு. 15, 17 என்றால் 28, 32 எல்லாம் சரியாக உட்காரும். குறுகிய ரிம்மில் டயர் அதன் மேல் எழுதியிருப்பதைவிடக் கொஞ்சம் ஒல்லியாகவே நிற்கும், அகன்ற ரிம்மில் கொஞ்சம் பருமனாக.

ஃபிரேமில் எவ்வளவு இடம்?

அகலத்தில் என் கட்சி ஒன்றுதான்: ஃபிரேம் இடம் கொடுக்கும் அளவுக்கு அகலமான டயர் போடுங்கள். ஒல்லி டயர்தான் வேகம் என்ற நம்பிக்கை நெடுநாள் ஆட்சி செய்தது. ஆனால் கரடுமுரடான சாலையில் ஒல்லி டயரில் காற்றைக் கல்லாக அடித்து ஓட்டும்போது, சைக்கிளும் ஆளும் குலுங்கிக் குலுங்கியே சக்தி வீணாகிறது. அகலமான டயரில் காற்றைக் குறைத்து ஓட்டலாம், கை மரத்துப்போகாது, குழியில் விழுந்தால் டியூப் ரிம்மோடு நசுங்கிப் பஞ்சர் ஆவதும் குறையும். விலை குறைந்த டயரின் முரட்டுத்தனத்தை மறைக்க இதைவிட மலிவான வழி கிடையாது. சுமாரான 32, உயர்ந்த ரக 23ஐவிட சுகமாக ஓடும்.

சரி, எவ்வளவு இடம் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சக்கரத்தை மாட்டி, காற்றடித்து, நான்கு இடங்களைப் பாருங்கள்: முன்ஃபோர்க்கின் இரு கால்களுக்கு நடுவே, ஃபோர்க் தலைக்கு அடியில், முன் பின் பிரேக்குகளின் வளைவுக்கு அடியில், பெடல் அச்சுக்குப் பின்னால் செயின் ஸ்டே குழாய்கள் நெருங்கும் இடத்தில். கடைசியாகச் சொன்னதுதான் பெரும்பாலும் கழுத்தை நெரிக்கும். டயருக்கும் உலோகத்துக்கும் நடுவே ஆலன் கீகளை (அறுகோணத் திருகுச் சாவிகளை) ஒவ்வொன்றாக நுழைத்துப் பாருங்கள். 6 மி.மீ. கீ தாராளமாகப் போகிறது, 8 போகவில்லை என்றால் அந்தப் பக்கம் சுமார் 6 இருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது சின்னக் கணக்கு. 25இலிருந்து 28க்குப் போனால் அகலத்தில் கூடும் 3 மி.மீ. இரு பக்கமும் ஒன்றரை ஒன்றரையாகப் பிரியும். ஆனால் உயரத்தில் அந்த 3 மி.மீ. முழுசாக மேலே ஏறும். பக்கத்தில் இடம் இருக்கிறதே என்று வாங்கிவிட்டு, பிரேக் வளைவில் தட்டும்போது முழிப்பவர்கள் பலர். புது டயரைப் போட்ட பிறகும் எல்லா இடத்திலும் 4 மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும். ஆரக்கால் ஒன்று தளர்ந்து சக்கரம் கொஞ்சம் கோணினாலும், டயரில் கல் ஒட்டிக்கொண்டு வந்தாலும் அந்த 4 மி.மீ.தான் உங்களைக் காப்பாற்றும். மட்கார்டு போடப்போகிறீர்கள் என்றால் அதற்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கணக்குப் போடும்போது பழைய டயரின் அகலத்தை வெர்னியர் காலிப்பரால் நீங்களே அளந்துகொள்ளுங்கள். 25 என்று எழுதிவிட்டு 23 நிற்கும் டயர்கள் உண்டு. பொதுவாக, 1970களின் சுற்றுலா வகை ரோடு சைக்கிள்களில் 32 சுலபமாகப் போகும். 1980களின் பிற்பகுதியில் வந்த பந்தய வகை ஃபிரேம்கள் 25இல் நின்றுவிடும், அதிர்ஷ்டம் இருந்தால் 28.

இன்னொரு விஷயம்: பழைய பிரேக்குகள் சிலவற்றில் கட்டைகளை அகலத் திறக்கும் லிவர் இருக்காது. 32 போட்டால் காற்றை இறக்கிய பிறகுதான் சக்கரம் வெளியே வரும். பஞ்சர் ஆனபோது இது தொந்தரவில்லை, மாற்றிவிட்டுத் திரும்ப மாட்டும்போது சக்கரத்தை ஃபிரேமுக்குள் நுழைத்த பிறகு காற்றடித்தால் போதும்.

காசு எதற்குப் போகிறது?

இவ்வளவும் முடிந்த பிறகு கையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும்: 630, நேர்ச்சுவர், உள் அகலம் 17, அதிகபட்சம் 32. இனி கடைக்குப் போகலாம்.

டயரின் விலையை நிர்ணயிப்பவை முக்கியமாக மூன்று. முதலாவது உள்ளே இருக்கும் நூல். டயரின் உடம்பே ரப்பரில் தோய்த்த நூல்தான். ஓர் அங்குலத்தில் எத்தனை இழை என்பதை டிபிஐ என்று பெட்டியிலோ டயரிலோ போட்டிருப்பார்கள். 30ஐ ஒட்டி இருந்தால் தடித்த நூல், நிறைய ரப்பர், கனமும் விறைப்பும் அதிகம். 120 என்றால் மெல்லிய நூல், வளைந்து கொடுக்கும், விலையும் ஏறும், பக்கச்சுவர் கல்லில் கிழியவும் வாய்ப்பு கூடும். நடுவில் இருக்கும் 60தான் நமக்கு. இதில் ஓர் எச்சரிக்கை: சில கம்பெனிகள் அடுக்குகளைக் கூட்டிச் சொல்லும். கான்டினென்டல் டயரில் "3/180" என்று இருந்தால் மூன்று அடுக்கும் சேர்த்து 180, அடுக்குக்கு 60. அதை 180 என்று நினைத்து மயங்க வேண்டாம்.

இரண்டாவது ஓரம். கம்பி ஓரமா, மடங்கும் ஓரமா என்பதில் ஒரு டயருக்கு சுமார் 50 கிராம் வித்தியாசம். ஸ்டீல் ஃபிரேம் சைக்கிளில் அந்த 50 கிராமுக்குக் காசு கொடுப்பதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

மூன்றாவது பஞ்சர் தடுப்புப் பட்டை. மெல்லிய நைலான் பட்டையிலிருந்து கட்டியான ரப்பர் பட்டை வரை இருக்கிறது. கண்ணாடித் துண்டும் முள்ளும் நிறைந்த பாதையில் தினமும் வேலைக்குப் போகிறவர் என்றால் கட்டிப் பட்டை நியாயமே. ஞாயிற்றுக்கிழமை சவாரிக்கு அது வேண்டாம். சைக்கிளின் துள்ளலையே கொன்றுவிடும்.

பள்ளம் மேடான டிசைனுக்காக எதுவும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். கார் டயரில் நீரை வெளியேற்ற வரி வேண்டும், சைக்கிள் டயர் ஒல்லி, காற்றழுத்தம் அதிகம், வேகமும் குறைவு. சாலையில் ஓடும்போது தண்ணீர்மேல் மிதப்பது அதற்கு நடக்காது. மழைக்கும் வழவழப்பான டயரே போதும், பிடிப்பு ரப்பரின் தன்மையில் இருக்கிறது.

பெயர் சொல்லிக் கேட்க வேண்டியவை

630இல் நான் முதலில் தேடச் சொல்வது பானரேசர் பசேலா. பழுப்புப் பக்கச்சுவரோடு வரும் என்பதால் பழைய சைக்கிளுக்கு அழகாகவும் பொருந்தும், எடையும் மிதம். முரட்டு உபயோகம் என்றால் ஷ்வால்பே மாராத்தான் 32-630 உண்டு. கனம் அதிகம், ஆனால் சாமானியமாகப் பஞ்சர் ஆகாது. கான்டினென்டல் கேட்டர்ஸ்கின் 27 × 1 1/4 அளவிலும் வந்திருக்கிறது. இவற்றுக்கெல்லாம் கீழே, கையிருப்பு மிகக் குறைவு என்றால் கெண்டா கே35. கம்பி ஓரம், தடித்த நூல், ஓட்டம் கொஞ்சம் மந்தம். ஆனால் நேர்ச்சுவர் ரிம்மில் சாதுவாக உட்காரும், அளவாகக் காற்றடித்தால் நேர்மையாக உழைக்கும். சைக்கிளை வைத்துக்கொள்வதா விற்பதா என்றே தெரியாத கட்டத்தில் இதைப் போட்டு ஓட்டிப் பார்ப்பதில் தவறில்லை.

622 என்றால் களம் பெரிது. விட்டோரியா சஃபீரோ, கான்டினென்டல் அல்ட்ரா ஸ்போர்ட், மிஷெலின் டைனமிக் மாதிரியான தொடக்க நிலை வரிசைகள் போதும். மிஷெலினில் டைனமிக் கிளாசிக் என்ற பெயரில் வருவதற்குப் பழுப்புப் பக்கச்சுவர் இருக்கும்.

622 ஓட்டுபவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. புது சைக்கிள் வாங்கியதும் அதன் டயரைக் கழற்றிவிட்டு உயர்ந்த ரகம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கழற்றிய டயர்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். வாங்குமுன் டயரின் நடுப்பகுதியைப் பாருங்கள். அச்சிலிருந்து வந்த மெல்லிய ரப்பர் முடிகளோ, நடுவில் ஓடும் வார்ப்புக் கோடோ இன்னும் தேயாமல் இருந்தால் அது உண்மையிலேயே ஓடாத டயர்.

"பயன்படுத்தாத பழைய இருப்பு" என்று 1980களின் டயரை விற்பார்கள், அதில் மட்டும் விழாதீர்கள். பெட்டிக்குள் இருந்தாலும் வயது வயதுதான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே பக்கச்சுவரைப் பிடித்து வெளிப்புறமாக மடக்கிப் பாருங்கள். மடிப்பில் மயிரிழை விரிசல்கள் வரிவரியாகத் திறந்து, அவற்றின் அடியில் வெளிறிய நூல் தெரிந்தால் அது அலமாரியில் வைக்கும் பொருள். நடுப்பகுதி ரப்பரை நகத்தால் அழுத்துங்கள். நல்ல ரப்பரில் தடம் விழுந்து உடனே மறையும், செத்த ரப்பரில் நகம் வழுக்கும். சில டயர்களில் ரப்பர் பட்டையே உடம்பிலிருந்து உரிந்து வரத் தயாராக இருக்கும், ஓடும்போதுதான் அது தெரியவரும்.

பழுப்புச் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை. பார்க்க அழகு, மறுக்கவில்லை. ஆனால் வெயில்படும் இடத்தில் நிறுத்தி வைக்கிற சைக்கிள் என்றால் மெல்லிய பழுப்புச் சுவர் கறுப்பைவிடச் சீக்கிரம் வெடிக்கும். பிரேக் கட்டையின் சாம்பல் தூசியும் அதில் அப்பிக்கொள்ளும். வீட்டுக்குள் வைக்க இடம் இருந்தால் பழுப்பு, இல்லையென்றால் கறுப்பு.

ஒரே ஒரு டயர் வாங்கத்தான் கையில் காசு இருக்கிறதா? புதியதை முன்னால் போடுங்கள். முன் டயர் வெடித்தால் சைக்கிளைக் கட்டுப்படுத்துவது கடினம். பின் டயர்தான் வேகமாகத் தேயும் என்பதால், முன்னால் இருந்த உருப்படியான டயரைப் பின்னால் தள்ளி, தேயவிட்டுத் தூக்கிப் போடலாம்.

டியூபும் ரிம் டேப்பும்

டயரில் மிச்சம் பிடித்த காசில் கொஞ்சம் இங்கே போகட்டும். பழைய ரிம்மில் ஆரக்கால் ஓட்டைகளை மூடியிருக்கும் ரப்பர் பட்டை இந்நேரம் இற்றுப்போயிருக்கும், அல்லது ஒருபக்கமாக நகர்ந்திருக்கும். உள்ளே அழுத்தம் ஏறும்போது டியூப் அந்த ஓட்டைக்குள் பிதுங்கி, ஒருநாள் சும்மா நிற்கும்போதே வெடிக்கும். டயரைத் திட்டுவார்கள், குற்றவாளி பட்டை. அதைப் பிய்த்தெறிந்துவிட்டு, துணியில் வரும் பசை டேப்பை ஒட்டுங்கள். ஆரக்கால் முனை எங்காவது நீட்டிக்கொண்டிருந்தால் முதலில் அரத்தால் ராவிவிடுங்கள்.

630க்கு என்று தனி டியூப் தேடி அலைய வேண்டாம். டியூப் ரப்பர்தானே, நீளும். 622க்கு வரும் 28–32 அகல டியூபே போதும். பெட்டியிலேயே இரண்டு அளவும் போட்டிருக்கும். பார்க்க வேண்டியது வால்வு. ஒல்லியான பிரெஸ்டா வால்வுக்கு ரிம் ஓட்டை 6.5 மி.மீ., கார் டயரில் இருப்பதுபோன்ற ஷ்ரேடர் வால்வுக்கு 8.5. பெரிய ஓட்டையில் ஒல்லி வால்வு வந்தால் நடுவில் ஒரு சின்ன வளையம் போட்டுச் சமாளிக்கலாம். சின்ன ஓட்டையைத் துளைத்துப் பெரிதாக்கும் வேலை குறுகிய பழைய ரிம்மில் வேண்டாம், பலம் குறையும். பழைய ரிம்கள் ஆழமில்லாதவை, அதனால் குட்டை வால்வே போதும்.

மாட்டுதல்

டயரின் ஒரு ஓரத்தை முழுக்க ரிம்முக்குள் ஏற்றுங்கள். டியூபில் அதன் வடிவம் வரும் அளவுக்குக் கொஞ்சம் காற்று ஊதி உள்ளே வையுங்கள். இரண்டாவது ஓரத்தை வால்வுக்கு நேர் எதிரே தொடங்கி, இரு கைகளாலும் இரு பக்கமாக நகர்த்திக்கொண்டே வந்து வால்வில் முடியுங்கள். கடைசி ஒரு சாண் இறுகும். அப்போது டயர் நெம்பும் லிவரை எடுக்காமல், ஏற்கனவே ஏறிய ஓரங்களை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் கிள்ளித் தள்ளிக்கொண்டே சுற்றி வாருங்கள். நடுப்பள்ளத்தில் விட்டம் குறைவு என்பதால் கொஞ்சம் தளர்வு கிடைக்கும், கட்டைவிரலாலேயே ஏறிவிடும். பிறகு வால்வை ஒருமுறை உள்ளே தள்ளி இழுத்து, அதன் அடியில் டியூப் மாட்டிக்கொள்ளவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

30 பிஎஸ்ஐ அடித்து நிறுத்துங்கள். ரிம்மை ஒட்டி டயரில் ஒரு மெல்லிய கோடு சுற்றி ஓடும். சக்கரத்தைச் சுற்றிவிட்டு அந்தக் கோட்டையே கவனியுங்கள். ஓரிடத்தில் கோடு ரிம்முக்குள் அமுங்கியிருந்தால் காற்றை இறக்கி, அந்த இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி அடியுங்கள். ஓரிடத்தில் கோடு மேலே எழும்பியிருந்தால், நேர்ச்சுவர் ரிம்மில் அது நல்லதல்ல. உடனே காற்றை இறக்கிவிட்டு முதலிலிருந்து உட்காரவையுங்கள். கோடு ஒழுங்கானதும் மீதிக் காற்றை இரண்டு மூன்று தவணையாக ஏற்றலாம்.

எவ்வளவு காற்று?

சக்கரங்கள் தாங்கும் பாரம் சமமில்லை. தோராயமாக முன்னால் 45 பங்கு, பின்னால் 55. பாரத்தில் டயரின் உயரம் சுமார் 15 சதவீதம் அமுங்க வேண்டும் என்பது சைக்கிள் தொழில்நுட்ப எழுத்தாளர் ஃபிராங்க் பெர்டோ வரைபடம் போட்டுக் காட்டிப் பிரபலமாக்கிய அளவு. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்றால், 28 மி.மீ. டயரில் பின்னால் 80, முன்னால் 65 பிஎஸ்ஐ என்று தொடங்கலாம். 32 என்றால் பின்னால் 65, முன்னால் 50. நேர்ச்சுவர் ரிம்முக்கு 32 ஏன் சிறந்தது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. 28 போட்டால் 80 கேட்கிறது, அந்த ரிம்மில் அதை ஏற்ற முடியாது. உங்கள் காற்றுமானி பார் அளவில் காட்டினால் 14.5ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

முதல் சில சவாரிகளுக்குப் பிறகு 5 பிஎஸ்ஐ குறைத்துப் பாருங்கள். வளைவில் டயர் குழைந்தால் திரும்ப ஏற்றுங்கள். ரோடு டயர் ஒரு வாரத்திலேயே காற்றைக் கணிசமாக இழக்கும், அதனால் சவாரிக்கு முன் மானி வைத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். வேகமானி வைத்திருப்பவர்கள் சக்கரச் சுற்றளவை மாற்ற மறக்க வேண்டாம்: 28-622க்கு 2136 மி.மீ., 32-630க்கு 2161.

630 ஓட்டுபவர்கள் பொருந்தும் டயர் கிடைத்ததும் ஜோடியோடு கூட ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அவசரத்துக்குத் தேடினால் இந்த அளவு கிடைக்காது. வெயில் படாத இடத்தில், பையில் சுற்றி, மோட்டார் ஓடும் இயந்திரங்களுக்குத் தள்ளி வையுங்கள். மோட்டாரிலிருந்து வரும் ஓசோன் ரப்பரை வெடிக்க வைக்கும்.